முதல் பேமென்ட் வரும்வரை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சி.என்.சி. புரோகிராமராக இருக்கிறேன். சம்பளம் 32,000. பழைய வி.எம்.சி. மெஷின் ஒன்று வாங்கி, கணபதியில் ஜாப் ஒர்க் தொடங்க ஆசை. எங்கள் முதலாளியே ஆர்டர் தருவதாகச் சொல்கிறார். கையிருப்பு ஆறு லட்சம். அப்பாவோ, "மாசச் சம்பளத்தை விட்டுட்டு வீட்டை அடமானம் வைக்கப்போறியா?" என்கிறார். துணியலாமா?

பதில்: தம்பி, வேலை தெரிந்த கை உங்களுடையது. அதில் எனக்குக் கவலையில்லை. நல்ல வேலைக்காரர்கள் நடத்திய பட்டறைகளும் பண ரொட்டேஷன் நின்றுபோய் மூடியிருக்கின்றன. என் கவலை அதுதான்.

வாடகை, கரன்ட், கூலி, டூல்ஸ், இ.எம்.ஐ. எல்லாம் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். மாதக் கடைசியில் பில் போட்டு, பார்ட்டி 90 நாள் கழித்துப் பணம் தந்தால், முதல் பேமென்ட் வருவதற்குள் நான்கு மாதம் ஓடியிருக்கும். உங்கள் ஆறு லட்சமும் அதிலேயே தீர்ந்துவிடும். மெஷினுக்குக் கட்டவேண்டிய முன்பணம் எங்கே? வீட்டுச் செலவு எங்கே? பார்ட்டி தந்தாலும் தராவிட்டாலும் ஜி.எஸ்.டி.யையும் காலத்தில் கட்டியாக வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி. அதற்காகவே முதல் பில்லுக்கு முன் உத்யம் பதிவை முடித்துவிடுங்கள், இலவசம்தான். ஆனால் ஒரே பார்ட்டியை நம்பிப் பிழைப்பவர் அந்தப் பார்ட்டிமேல் புகார் கொடுக்கத் துணிவாரா? முதலாளியின் வாய்வார்த்தை போதாது. இன்னும் இரண்டு பார்ட்டிகள் எழுத்தில் ஆர்டர் தரும்வரை வேலையை விடாதீர்கள்.

அப்பாவின் பயம் நியாயமானது. வீட்டுப் பத்திரத்தைத் தொடவே வேண்டாம். பேங்க் மேனேஜர் பத்திரம் கேட்டால், பிணையில்லாக் கடனுக்கான சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதத்தைச் சொல்லிப் பேசுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில், புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தையும் விசாரியுங்கள். டிப்ளமோக்காரர்களுக்கும் உண்டு, 25 சதவீத மானியம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. பழைய மெஷினா, புதியதா என்பதை அங்கே கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். பிறகு தைரியமாக ராஜினாமா எழுதுங்கள்.