ஐப்பசியிலேயே அடங்கலைப் பார்த்துவிடுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குத் திருமஞ்சனத் தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து வராது. அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானை மேல் வரும். துலா நீராட வருகிற கூட்டமும் அதே படித்துறையில்தான். ஊரே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதம் இது. அந்தநல்லூரிலும் லால்குடியிலும் சம்பா நடவு முடிந்தும் முடியாமலும் இருக்கும். மணப்பாறை, மருங்காபுரி, துறையூர் பக்கத்து மானாவாரி நிலங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கிடக்கும். வறட்சி என்ற பேச்சை இந்த மாதத்தில் எடுக்கவே யாருக்கும் மனம் வராது. ஆனால் வறட்சி நிவாரணத்துக்கான வேலையைத் தொடங்க வேண்டிய மாதமும் இதுதான். தை மாதம் பயிர் காய்ந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு நடக்கிற நடையில் பாதி, ஐப்பசியில் ஒருமுறை கிராம நிர்வாக அலுவலரை (வி.ஏ.ஓ.) பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

2016ஐ திருச்சி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கமாக ஜூன் 12ல் திறக்கும் மேட்டூர் அணை அந்த ஆண்டு செப்டம்பர் 20ல்தான் திறந்தது. குறுவை போனது, சம்பாவாவது கைகொடுக்கும் என்று விதைத்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ய வேண்டிய மழையில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10ல் அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு ரூ. 5,465, மானாவாரிக்கு ரூ. 3,000, நீண்டகாலப் பயிர்களுக்கு ரூ. 7,287, நிலவரி முழுவதும் தள்ளுபடி, நூறு நாள் வேலை 150 நாளாக உயர்வு. பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி முதல்வரான பிறகு 32 லட்சம் விவசாயிகளுக்கு ரூ. 2,247 கோடி ஒதுக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக ஏழாயிரம் ரூபாய். மத்திய அரசிடம் மாநிலம் கேட்டது ரூ. 39,565 கோடி, பேரிடர் நிதியிலிருந்து கிடைத்தது ரூ. 1,748 கோடி. திருச்சியைச் சேர்ந்த அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் மண்டையோடுகளுடன் டெல்லி ஜந்தர் மந்தரில் மார்ச் 14 முதல் 41 நாள் உட்கார்ந்தது இதன் தொடர்ச்சிதான்.

அந்த 5,465 என்ற தொகை எங்கிருந்து வந்தது என்று அப்போது பலரும் கேட்டார்கள். விடை எளிது. மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதியில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ. 13,500 என்று இருந்தது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிகளில் இது ரூ. 17,000 ஆனது. மானாவாரிக்கு 8,500, நீண்டகாலப் பயிருக்கு 22,500. ஏக்கர் கணக்கில் நெல்லுக்கு ஏறக்குறைய 6,880 ரூபாய். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். மாநில அரசு விரும்பினால் தன் கையிலிருந்து கூட்டித் தரலாம். 2017ல் மானாவாரிக்கு அப்படித்தான் கொஞ்சம் கூட்டித் தந்தார்கள். கணக்கு எப்படி மாறினாலும் ஒன்று மாறாது. இது விளைச்சல் இழப்புக்கான ஈடு அல்ல, அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்கத் தரும் மானியம். நிவாரணத்தை நம்பி வட்டிக்கடை கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

மகசூல் 33 விழுக்காடோ அதற்கு மேலோ போயிருந்தால்தான் இந்தப் பணம். 2015 வரை அது 50 விழுக்காடாக இருந்தது. பாதிப்பைக் கணக்கெடுப்பவர்கள் வருவாய்த்துறை, வேளாண்மைத்துறை, தோட்டக்கலைத்துறை ஊழியர்கள், கூட்டாக. அவர்கள் கையில் இருக்கும் அடிப்படை ஆவணம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில், எந்தப் பயிர், எவ்வளவு பரப்பில், யார் சாகுபடி செய்கிறார் என்பதை அடங்கல்தான் சொல்கிறது. வயலில் வாழை நின்று அடங்கலில் தரிசு என்று இருந்தால், வாழை காய்ந்தாலும் அரசுக் கணக்கில் காய்ந்தது தரிசுதான். ஜூலை முதல் தேதி தொடங்கும் பசலி ஆண்டுக்கான சாகுபடிக் கணக்கில் சம்பா ஏறுகிற சமயம் இது. நடவு முடிந்த வாரத்திலேயே வி.ஏ.ஓ.விடம் போய்ப் பயிர், பரப்பு, உட்பிரிவு மூன்றும் சரியா என்று பார்த்து நகல் வாங்கிவிட வேண்டும். மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு வந்துவிட்டதால் செல்போனில் பதிந்துகொண்டு போகிறார்கள். பக்கத்து வயலின் பயிர் தங்கள் சர்வே எண்ணில் ஏறிவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. வயலில் பயிர் நிற்கும்போது பிழையைத் திருத்துவது எளிது. அறுவடை முடிந்து சருகான பிறகு திருத்தக் கேட்டால் எந்த அதிகாரியும் யோசிப்பார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பட்டா அப்பா பெயரிலேயே இருந்து அவர் காலமாகி ஆண்டுகள் ஆன குடும்பங்கள் காவிரிக் கரையில் ஏராளம். அண்ணன் சென்னையில், தம்பி துபாயில், நிலத்தில் இருப்பது நடுப்பிள்ளை ஒருவர்தான். நிவாரணம் என்று வந்ததும் கூட்டுப் பட்டாதாரர்களின் சம்மதக் கடிதத்துக்கு அலைவார்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்தால் மாசி, பங்குனிக்குள் கையில் இருக்கும். வங்கிக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். பல உதவித்தொகைகள் ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்கில் போய் விழுகின்றன. எப்போதோ ஒரு கடனுக்காகத் திறந்து மறந்துபோன கணக்காக அது இருந்தால், பணம் வந்ததே தெரியாமல் கிடக்கும். ஆண்டுக்கு ரூ. 6,000 தரும் பி.எம். கிசான் தவணை நின்றுபோனவர்கள் பலருக்கும் காரணம் கே.ஒய்.சி. முடிக்காததோ இந்த ஆதார் குழப்பமோதான். 2025ல் தமிழ்நாட்டில் தொடங்கிய விவசாயிகள் தனித்துவ அடையாள எண் பதிவை இன்னும் செய்யாதவர்கள் பொது சேவை மையத்திலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ முடித்துவிட வேண்டும்.

குத்தகைதாரர்களின் நிலைதான் மோசம். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிலும் கோயில் நிலம், மடத்து நிலம், ஊரில் இல்லாத மிராசுதாரர் நிலம் என்று பலவற்றையும் உழுகிறவர்கள் வேறு, உடைமையாளர்கள் வேறு. பி.எம். கிசான் நிலவுடைமையாளருக்கு மட்டும்தான். பயிர்க்காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். வறட்சி நிவாரணமும் சாகுபடி செய்தவருக்குத்தான் போக வேண்டும். நடைமுறையில் கையில் காகிதம் இல்லாதவர் விட்டுப்போகிறார். வாய்ச்சொல்லில் குத்தகை பேசி, அளந்த நெல்லுக்கு ரசீதும் வாங்காமல் இருப்பதுதான் இங்கே பழக்கம். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி தாசில்தார் அலுவலகத்தில் குத்தகையைப் பதிவு செய்யக் கேட்க முடியும். அதற்கு நில உரிமையாளர் முகம் சுளிப்பார் என்ற பயம் நியாயமானதே. குறைந்தபட்சம் குத்தகை ரசீதும், அடங்கலில் சாகுபடியாளர் என்ற இடத்தில் தன் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கோயில் நிலம் உழுகிறவர்கள் இந்தப் போகத்துக் குத்தகையைக் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். விளைச்சல் பொய்த்தால் குத்தகைக் குறைப்புக் கேட்பதற்கும் அதுதான் ஆதாரம்.

பயிர்க்காப்பீட்டை இந்த மாதமே முடிக்க வேண்டும். பிரதமர் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. ஏக்கருக்கு ரூ. 36,000 காப்பீடு என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். வாழைக்கும் மற்ற தோட்டப் பயிர்களுக்கும் 5 விழுக்காடு. சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டுகளில் நீட்டித்தார்கள். அதை நம்பி உட்கார்ந்திருப்பது சூதாட்டம். வாழைக்கான தேதியை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிட்டா, அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ பொது சேவை மையத்திலோ கட்டலாம். 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயம் இல்லை. ‘சொசைட்டியில் பிடித்துக்கொண்டிருப்பார்கள்’ என்று இருந்துவிடாமல் ரசீதில் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் சரியா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் காப்பீட்டில் பலரும் கோபப்படும் ஓர் இடம் உண்டு. வறட்சிக்கு இழப்பீடு தனி வயலைப் பார்த்துத் தருவதில்லை. வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்த்துத் தருவது. கிராமத்தில் தேர்ந்தெடுத்த சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்துப் போட்ட வரம்போடு ஒப்பிடுவார்கள். போர்வெல் வைத்திருப்பவரின் பச்சை வயல் பரிசோதனைக்கு அமைந்துவிட்டால், வாய்க்கால் கடைமடையில் காய்ந்தவருக்கும் சேர்த்து இழப்பீடு குறையும். ஆகவே பரிசோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் நாலு பேராவது பக்கத்தில் நின்று எடையைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. மழையில்லாமல் ஒரு கிராமத்தில் முக்கால் பங்குப் பரப்பில் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு கிடைக்க வழி இருக்கிறது. பயிர் வளர்ந்து வரும்போதே மகசூல் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தாலும் முன்பணம் தர விதி உண்டு. இவை தாமாக நடப்பதில்லை. ஊர் கூடிக் கலெக்டருக்கு மனுக் கொடுத்தால்தான் நகரும். காப்பீட்டுச் சந்தேகங்களுக்கு 14447 என்ற எண் இருக்கிறது.

காப்பீடே இல்லாத பயிருக்கும் சில சமயம் வழி பிறக்கும். 2023ல் மேட்டூரை ஜூன் 12ல் திறந்தும் அக்டோபர் 10ல் மூட வேண்டி வந்தது. குறுவைக்கு அந்த ஆண்டு பயிர்க்காப்பீடு கிடையாது. காய்ந்த வயல்களுக்கு ஹெக்டேருக்கு ரூ. 13,500 என்று மாநில அரசே அறிவித்தது. அப்போதும் பட்டியல் எடுத்தது அடங்கலைப் பார்த்துத்தான்.

கடன் வாங்கியவர்கள் தவணை நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடன் உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியில்லை. தேதி தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். வறட்சி அறிவித்தால் பயிர்க்கடனை மத்தியகாலக் கடனாக மாற்றிக்கொள்ளலாம். 2017ல் கூட்டுறவு வங்கிகளில் அப்படிச் செய்தார்கள். வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018ல் விதித்த வழிகாட்டுதல்படி இழப்பு 33 முதல் 50 விழுக்காடு வரை என்றால் இரண்டு ஆண்டும், அதற்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு வரையும் அவகாசம் தரலாம் என்றிருந்தது. இது அதுவரை தவணை தவறாத கடனுக்குத்தான். தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருப்பவர்கள் 2016 கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியின் கதையை நினைத்துப் பார்க்கலாம். ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை எல்லோருக்கும் விரிக்கச் சொல்லி 2017ல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்து, 2021ல் ரத்து செய்தது. இடையில் காத்திருந்தவர்களுக்கு ஏறியது வட்டிதான்.

மானாவாரிப் பக்கத்தில் பயிருக்கு முன்னால் மாடு அடிபடும். தீவனம் இல்லாவிட்டால் மணப்பாறைச் சந்தையில் மாட்டு விலை சரிந்துவிடும், வாங்குகிறவர் கேட்டதே விலை. 2017ல் கால்நடைத்துறை கிடங்குகள் திறந்து உலர்தீவனத்தைக் கிலோ இரண்டு ரூபாய்க்குக் கொடுத்தது. இப்போதே மாடுகளுக்குக் காதுவில்லை போட்டுக் கால்நடை மருந்தகத்தில் பதிவு செய்திருந்தால் தீவனப் பட்டியலிலும் காப்பீட்டிலும் பெயர் சேர்ப்பது எளிது. அறுவடை வைக்கோலை முழுவதும் விற்றுவிடாமல் சித்திரை வரைக்கும் ஒரு போர் நிறுத்தி வைப்பது புத்திசாலித்தனம்.

நிலமே இல்லாத கூலியாட்களுக்கு நிவாரணப் பட்டியலில் இடம் இல்லை. நடவும் களையெடுப்பும் இல்லாத பருவத்தில் அவர்களுக்கு இருப்பது ஊராட்சி வேலை ஒன்றுதான். திட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் எப்படி மாறினாலும், வேலை வேண்டும் என்று எழுத்தில் கேட்டுத் தேதி போட்ட ரசீது வாங்கும் பழக்கத்தை விடக்கூடாது. வாயால் கேட்டதற்கு ஆவணம் கிடையாது. கடனும் காய்ந்த பயிரும் சேர்ந்து மனத்தை அழுத்தும்போது 104 அல்லது 14416க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

சம்பா வறட்சி அறிவிப்புக்கு மத்திய அரசின் 2016 வறட்சிக் கையேடு வைத்திருக்கும் எல்லை மார்ச் 31. மழை பொய்த்தால் மார்கழியிலிருந்தே அசைய வேண்டும். காய்ந்த வயலைத் தேதியோடு படம் எடுத்து, கிராமசபையில் தீர்மானம் போட்டு, மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து எண் வாங்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்ததும் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். பெயர் விட்டுப்போனவர்கள் பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்பே தாசில்தாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு கொடுத்தால் அடுத்த நிதிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 15க்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வீட்டில் படித்த பிள்ளைகள் இருப்பவர்கள், பக்கத்து வீட்டுக் குத்தகைக்காரரையும் நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் கைம்பெண்ணையும் கூடவே அழைத்துப் போய் அடங்கலைக் காட்டி, பிரீமியத்தைக் கட்டி, ரசீதை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.