நீங்க லீவு போட்டா வேலை ஓடுமா?



கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நம்ம கல்லூரிகளுக்கு வரும் கம்பெனிகளின் பெயர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட், ஹெச்சிஎல், விப்ரோ, கேப்ஜெமினி... பெரும்பாலும் எல்லாமே சர்வீஸ் கம்பெனிகள்தான். ஆப்டிட்யூடுக்கும் கோடிங் ரவுண்டுக்கும் மாதக்கணக்கில் தயாராகிறோம். ஆனால் உள்ளே போன பிறகு ஒருவர் எப்படி லீட் ஆகிறார், எப்படி மேனேஜர் ஆகிறார், ஒரு பெரிய கிளையன்டின் மொத்தப் பொறுப்பும் எப்படி அவர் கைக்கு வருகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "நல்லா வேலை பார்த்தா தானா மேலே போகலாம்" என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், சர்வீஸ் கம்பெனி எதை விற்கிறது? ப்ராடக்ட் கம்பெனி ஒரு சாஃப்ட்வேரை ஒருமுறை செய்து ஆயிரம் பேருக்கு விற்கும். சர்வீஸ் கம்பெனியில் வெளிநாட்டு வங்கியோ இன்சூரன்ஸ் நிறுவனமோ தன் சிஸ்டத்தைக் கட்டவும் பராமரிக்கவும் நம் ஆட்களின் நேரத்தை வாங்குகிறது. சில ஒப்பந்தங்களில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பில் போடுவார்கள். சிலவற்றில் மொத்த வேலைக்கும் ஒரே விலை. எப்படிப் பார்த்தாலும் விற்கப்படுவது மனிதர்களின் உழைப்பும் அவர்கள் மேல் உள்ள நம்பிக்கையும்தான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எண்கள் சும்மா உதாரணத்துக்கு. ஒரு டீமில் 10 பேர்: ஒரு மேனேஜர், 2 லீட், 7 ஜூனியர். மேனேஜருக்கு மாதம் 2 லட்சம், லீட் ஒவ்வொருவருக்கும் 1 லட்சம், ஜூனியர் ஒவ்வொருவருக்கும் 40 ஆயிரம் என்று வையுங்கள். மொத்தச் சம்பளம் 6.8 லட்சம். கிளையன்ட் தருவது 12 லட்சம். நல்லாத்தான் இருக்கு. ஐந்து வருடம் கழித்தும் அதே பத்துப் பேர் அதே நாற்காலியில் இருந்தால்? மேனேஜருக்கு 3, லீட்களுக்கு 1.6, ஜூனியர்களுக்கு 80 ஆயிரம் என்றால் மொத்தம் 11.8 லட்சம். கிளையன்ட் ரொம்பப் பெரிய மனசு பண்ணி 13 லட்சம் ஆக்கியிருப்பார். ஆபீஸ் வாடகை, லேப்டாப், கரன்ட் எல்லாம் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு ஒரே வழிதான். அந்த 7 பேரில் இரண்டு பேர் லீட் ஆக வேண்டும். பழைய லீட்கள் வேறு ப்ராஜெக்டுக்குப் பெரிய பொறுப்பில் போக வேண்டும். கீழே புது ஆட்கள் வர வேண்டும். இதைத்தான் ஐடி உலகில் பிரமிட் என்கிறார்கள். ஜூனியரை வளர்ப்பதை லீடின் நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். அது கம்பெனியின் லாபக் கணக்கிலேயே இருக்கிறது. அதைச் செய்யத் தெரியாத மேனேஜர் எவ்வளவு பெரிய டெக்னிக்கல் புலியாக இருந்தாலும் ஓர் இடத்தில் நின்றுவிடுவார்.

ஆனால் நடைமுறையில் இதற்கு எதிராக ஒரு சக்தி வேலை செய்யும். அது கிளையன்ட். மூன்று வருடம் ஒரே சிஸ்டத்தைப் பார்த்த ஒருவரை கிளையன்டுக்கு ரொம்பப் பிடித்துப் போகும். "எனக்கு இவர்தான் வேணும், வேற யாரையும் போடாதீங்க" என்பார். மேனேஜருக்கும் அவரை விட பயம். அந்த ஆளுக்கோ உள்ளூர ஒரே பெருமை: "நான் இல்லாம இந்த ப்ராஜெக்ட் ஓடாது." முதல் வருடம் இனிக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது கசக்க ஆரம்பிக்கும். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட, இவரை மட்டும் "ரிலீஸ் பண்ண முடியாது" என்று அங்கேயே வைத்திருப்பார்கள். திறமை குறைந்ததால் தேங்கினால்கூடப் புரிந்துகொள்ளலாம். திறமை இருப்பதாலேயே தேங்குவது, என்னைக் கேட்டால், சர்வீஸ் துறையின் பெரிய சோகம்.

இதிலிருந்து வெளியே வரும் வழி அந்தத் துறையிலேயே இருக்கிறது. ஒரு ப்ராஜெக்ட் ஒரு டீமிடமிருந்து இன்னொரு டீமுக்குக் கை மாறும்போது கேடி, அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், என்று ஒரு கட்டம் வரும். முதலில் தெரிந்தவர் விளக்குவார். அடுத்தது ஷேடோ: அவர் வேலை செய்ய, புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். மூன்றாவது ரிவர்ஸ் ஷேடோ: புதியவர் செய்வார், தெரிந்தவர் பார்ப்பார். அதன் பிறகுதான் முழுப் பொறுப்பும் மாறும்.

விளக்குவதும் செய்து காட்டுவதும் யாருக்கும் வரும். ரிவர்ஸ் ஷேடோவில்தான் எல்லாருக்கும் சிக்கல். ஜூனியர் லாகைத் திறந்து தப்பான வரியில் இருபது நிமிடம் தேடுவார். உங்களுக்கோ விடை இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. "தள்ளுப்பா, நானே பண்ணிடறேன்" என்று கை துறுதுறுக்கும். வாங்கிச் செய்தால் அன்றைய டிக்கெட் மூடிவிடும், அடுத்த வாரம் அதே டிக்கெட் மறுபடி உங்களிடமே வரும். "கடைசியா எந்த டேபிள் அப்டேட் ஆச்சுன்னு பார்த்தியா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதுதான் லீடின் வேலை. புரொடக்ஷன் சிஸ்டம் விழுந்து கிளையன்ட் லைனில் காத்திருக்கும்போது இந்தப் பரிசோதனை வேண்டாம், அப்போது நீங்களே செய்யுங்கள். மற்ற நாட்களில் நேரம் இருக்கிறது.

கிளையன்ட் மீட்டிங்கிலும் இதே மாதிரிதான். ஜூனியரைத் திடீரென்று முன்னால் தள்ளிவிடக் கூடாது. முதல் வாரம் பக் லிஸ்டை மட்டும் அவர் வாசிக்கட்டும். அடுத்து ஒரு டெமோ. பிறகு கிளையன்டின் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். கிளையன்டிடமும் முன்கூட்டியே, "இந்தப் பகுதியை இனி இவர் பார்ப்பார், நான் பின்னால் இருப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். தப்பு நடந்தால் கிளையன்ட் முன் பொறுப்பேற்பது நீங்கள். ஜூனியரிடம் பேச வேண்டியதைத் தனியாகப் பேசுங்கள்.

இங்கே ஒரு சுவாரசியமான வார்த்தை: தர்பூசணி ப்ராஜெக்ட். வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடுவார்கள். வெளியே பச்சை, வெட்டினால் உள்ளே சிவப்பு என்றால் அதுதான் தர்பூசணி. வேலை ஏற்கெனவே தாமதம், ஆனால் டெலிவரிக்கு இரண்டு நாள் முன்பு வரை கிளையன்டுக்குத் தெரியாது. கிளையன்டின் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இப்படித்தான். தாமதத்தைக்கூட மன்னிப்பார்கள், மறைத்ததை மறக்க மாட்டார்கள்.

சிவப்பு எங்கே ஒளிகிறது? கீழே இருக்கும் ஜூனியரின் மனதில். போன தடவை "முடியலைண்ணா" என்று சொன்னதற்கு எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருப்பார். இந்தத் தடவை "போய்க்கிட்டு இருக்கு, முடிச்சிடலாம்" என்பார். லீட் அதை நம்பிப் பச்சை போடுவார். ஆள் வளர்ப்பும் கிளையன்ட் சர்வீஸும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. "12 பக்ல 9 முடிஞ்சது, 2 வெள்ளிக்குள்ள முடியும், ஒண்ணு எனக்குப் புரியல, உதவி வேணும்" என்று பயமில்லாமல் மெயில் போடும் ஜூனியர் உங்களிடம் இருந்தால் உங்கள் ரிப்போர்ட் உண்மையாக இருக்கும். அப்படி எழுத நீங்கள்தான் பழக்க வேண்டும், அப்படி எழுதியதற்காகக் கோபப்படாமலும் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்!

மேலே போனவர்களையும் பார்ப்போம். 1968-ல் தொடங்கிய டிசிஎஸ்ஸில் கோலிக்குப் பிறகு தலைமைக்கு வந்தவர்கள் ராமதுரை, சந்திரசேகரன், ராஜேஷ் கோபிநாதன், கிருதிவாசன். நால்வருமே உள்ளிருந்து வந்தவர்கள். மோகனூர்க்காரரான சந்திரசேகரன் கோவை சிஐடியிலும் திருச்சி ஆர்இசியிலும் படித்து 1987-ல் சேர்ந்து 2009-ல் சிஇஓ ஆனார். கோபிநாதனும் திருச்சி ஆர்இசிதான். 1989-ல் சேர்ந்த கிருதிவாசன் கோவை சிஐடி மெக்கானிக்கல், 2023-ல் சிஇஓ ஆவதற்கு முன்பு வங்கி, நிதித்துறை கிளையன்ட்களைப் பார்க்கும் பிரிவின் தலைவர். ஒவ்வொரு முறையும் அடுத்த ஆள் உள்ளேயே தயாராக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். காக்னிசன்டில் டூ இன் எ பாக்ஸ் என்று ஒரு முறை பிரபலம். கிளையன்ட் பக்கத்தில் ஒருவர், டெலிவரி பக்கத்தில் ஒருவர், இருவருக்கும் ஒரே பொறுப்பு. பேச்சுத் திறமை உள்ளவர் முதல் பக்கம், வேலையை ஓட்டத் தெரிந்தவர் இரண்டாவது பக்கம் என்று உங்கள் பாதையை இப்போதே யோசிக்கலாம்.

"ஏஐ வந்துடுச்சே, இனி பிரமிட் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டெஸ்ட் கேஸ் எழுதுவது, சின்ன பக் சரிசெய்வது என்று ஜூனியர்கள் கற்றுக்கொண்ட வேலைகளை இப்போது டூல்களே செய்கின்றன. அப்படியென்றால் ஜூனியர் எதைச் செய்து கற்பார்? முன்பு வேலையோடு வேலையாகத் தானாக நடந்த பயிற்சியை, இனி லீட் யோசித்துத் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் பழக ஆஃபர் லெட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டே போதும். நாலு பேர் டீமில் ஒருவர் கோட் எழுதுவார், ஒருவர் ரிப்போர்ட் டைப் செய்வார், இரண்டு பேர் ஸ்பைரல் பைண்டிங் கடைக்குப் போவார்கள். (சிரிக்காதீங்க, உங்க டீமும் அப்படித்தான்.) அடுத்த ரிவ்யூவில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். ஒவ்வொரு மாட்யூலையும் அதை எழுதாதவர்தான் விளக்க வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு முந்தைய வாரம் உங்கள் ஹாஸ்டல் அறையில் நடப்பதுதான் கேடி.

சிம்போசியம் பொறுப்பில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். ஸ்பான்சரிடம் போகும்போது ஒரு செகண்ட் இயர் தம்பியையோ தங்கையையோ கூட அழைத்துப் போங்கள், மூன்றாவது ஸ்பான்சரிடம் அவரையே பேச விடுங்கள். நாளைக்கு ஹெச்ஆர் ரவுண்டில் லீடர்ஷிப் பற்றிக் கேட்டால் எல்லாரும் "நான் சிம்போசியம் செக்ரட்டரி" என்பார்கள். நீங்கள் அந்தப் பொறுப்பை இப்போது யார் பார்க்கிறார், அவருக்கு எதை எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள், இந்த வருடம் நீங்கள் இல்லாமல் அவர் எத்தனை ஸ்பான்சர் பிடித்தார் என்று சொல்லுங்கள்.