குருத்தணுவுக்குள் கத்தரிக்கோலை அனுப்புவது எப்படி?



நான் நாக்பூரில் பள்ளி ஆசிரியை. இந்த விதர்ப்பப் பகுதியில் அரிவாள் அணுச் சோகை பல குடும்பங்களை வாட்டுகிறது. என் வகுப்பு மாணவி ஒருத்திக்கும் அது உண்டு. வலி கண்டால் வாரக்கணக்கில் பள்ளிக்கு வரமாட்டாள். ஒரு நாள் கேட்டாள்: "டீச்சர், மரபணுவைத் திருத்தும் மருந்து வந்துவிட்டதாமே! ஊசியாகப் போட்டால் போதாதா?" அவளுக்குச் சொன்ன விடையை நம் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் தாய், எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணு. திருத்தம் அங்கே நடந்தால்தான் நிலைக்கும். ஆனால் இத்தகைய கருவியை ரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதி கல்லீரலில் தங்கிவிடும். ஆகவே குருத்தணுக்களை நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்து, ஆய்வுக்கூடத்தில் திருத்தி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துகிறார்கள்.

அணுவைச் சுற்றிக் கொழுப்பாலான சவ்வு உண்டு. 'காஸ்-9' என்ற நொதி கத்தரிக்கோல். வெட்டும் இடத்தைக் காட்டுவது வழிகாட்டி ஆர்.என்.ஏ. இவ்விரண்டும் சேர்ந்த பெரிய பொருள் தானாகச் சவ்வைக் கடக்காது. அதனால் நொடிப்பொழுது மின்துடிப்பு கொடுக்கிறார்கள். சவ்வில் நுண்துளைகள் திறக்கின்றன, கருவி உள்ளே போகிறது, துளைகள் மூடிக்கொள்கின்றன. துடிப்பு குறைந்தால் கருவி நுழையாது. மிகுந்தால் அணு இறந்துவிடும்.

வைரஸை வாகனமாக்கும் முறையும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேரின் குருத்தணுக்களில் அவ்வாறு மரபணு சேர்க்கப்பட்டது. முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. சேர்த்த மரபணு நிலைத்திருக்க வேண்டும். கத்தரிக்கோலோ வேலை முடிந்ததும் அழிய வேண்டும். இல்லையேல் வேண்டாத இடத்தையும் வெட்டக்கூடும். அதனால்தான் அதை நொதியாகவே அனுப்புகிறார்கள்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஏற்ற 'காஸ்ஜெவி' சிகிச்சை இவ்வகையே. பிறந்தபின் அடங்கிப்போகும் கருக்கால ஹீமோகுளோபினை அது மீண்டும் சுரக்கச் செய்கிறது. அது மிகுந்தால் சிவப்பணு அரிவாளாக வளைவது குறைகிறது.

"அப்படியானால் எனக்கு எப்போது?" என்றாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். திருத்திய அணுக்களுக்கு இடம் ஒதுக்கப் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழிக்க வேண்டும். அது பிள்ளைப்பேற்றையும் பாதிக்கலாம். இப்போதைக்கு மருத்துவர் கொடுத்த ஹைட்ராக்ஸியூரியாவை விடாமல் சாப்பிடச் சொன்னேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தாய், தந்தை இருவரும் இந்நோயின் மரபணுவைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஜாதகம் பார்ப்பவர்கள் ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாம்.