மாதவிலக்கு வலியும் அப்பத்தாவின் அஞ்சறைப்பெட்டியும்



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவள் நான்தான் முதல். முதலாண்டு டிராயிங் தேர்வன்று எனக்கு மாதவிலக்கு. டி-ஸ்கொயரைப் பிடித்த கை நடுங்கியது. "என்னம்மா?" என்று சார் கேட்டபோது "தலைவலி சார்" என்று பொய் சொல்லிவிட்டு, பாதி ஷீட்டோடு எழுந்து வந்தேன். அரியர் விழுந்தது. வலியைவிட அந்தப் பொய்தான் என்னை உறுத்தியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வலி ஏன் வருகிறது?

மாதவிலக்கின்போது கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்து வலி உண்டாகிறது. சிலருக்குக் குமட்டலும் பேதியும் சேர்ந்து வரும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971-ல் கண்டறிந்த ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்து பெற்றார். ஆக, இது நடிப்பு அல்ல!

வீட்டில் என்ன செய்யலாம்?

1. சுக்குத் தண்ணீர்: சிறு துண்டு சுக்கைத் தட்டி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, கருப்பட்டி சேர்த்து வடிகட்டிக் குடிக்கணும். இது எங்க அப்பத்தா முறை. இஞ்சிப் பொடியை நாளொன்றுக்கு 750 முதல் 2,000 மில்லிகிராம் வரை, முதல் மூன்று நான்கு நாட்கள் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளிலும் வலி குறைந்திருக்கிறது. வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்செரியும்.

2. வெந்நீர் ஒத்தடம்: பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம். தசை தளரும். செலவே இல்லை.

3. ஓமம், உளுந்தங்களி: ஓமத் தண்ணீர் வயிற்று உப்புசத்துக்குக் கொடுப்பது, களி உடம்புக்குத் தெம்பு. இவற்றை வலி மருந்து என்று நான் சொல்லமாட்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியைத் தவிர்க்கணும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் சுக்கை மருந்தாக எடுக்கக் கூடாது.

கஷாயம் போதாதபோது

நான் படிக்கணும் என்று எங்க அக்கா மில் வேலைக்குப் போனாள். ரெண்டு வருஷம் சுக்குத் தண்ணியைக் குடித்துவிட்டே ஷிஃப்டில் நின்றாள். மாசாமாசம் வலி கூடியது. கடைசியில் ஸ்கேன் பார்த்தபோது சினைப்பையில் கட்டி! வலி கூடிக்கொண்டே போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மற்ற நாட்களிலும் வலித்தாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

அரியர் எழுதிய அன்றும் எனக்கு அதே நாள். இந்த முறை மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். பத்து நிமிடம் உட்காரச் சொன்னார். பிளாஸ்கில் இருந்த சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஷீட்டை முடித்தேன். பாஸ்!

தோழர்களே, வகுப்பில் ஒருத்தி தலை கவிழ்ந்து படுத்திருந்தால் சிரிக்காதீர்கள். அன்றைய லேப் நோட்டைக் கொடுத்து உதவுங்கள். அதுவும் ஒரு மருந்துதான்.

- இரண்டாமாண்டு எலெக்ட்ரானிக்ஸ் மாணவி