நிலக்கடலையில் பூசண நஞ்சு: தாயையும் சேயையும் காப்பது எப்படி?

நிலக்கடலையைப் பிடுங்கிக் காய வைத்து மூட்டை பிடிக்கும் வரை மழை வந்துவிடக் கூடாதே என்பதுதான் விவசாயியின் கவலை. நனைந்த காய்க்கு விலை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காயை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டால், அதை உண்ணும் தாயின் பால் வழியாகக் கைக்குழந்தைக்கும் தீங்கு சேரக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

நஞ்சு உண்டாகும் விதம்

ஈரம் போகாத காய்களில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் வளருகிறது. பருப்பின் மேல் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பொடி போல் படியும். இது உண்டாக்கும் நஞ்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு வெளிப்பட்டது.

மக்காச்சோளத்திலும் இது உண்டாகும். 1974-ல் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் காமாலை கண்டு, நூறு பேருக்கு மேல் மாண்டனர். சிறிய அளவில் நாள்தோறும் உடலில் சேர்ந்தால் உடனே எதுவும் தெரியாது; நாளடைவில் கல்லீரலில் புற்றுநோய் உண்டாகக் காரணமாகிறது.

பாலில் சேருவது எப்படி?

உணவில் வந்த நஞ்சைக் கல்லீரல் மாற்றி வெளியேற்ற முயலுகிறது. அவ்வாறு மாறிய நஞ்சில் ஒரு வகை எம்-1 எனப்படும். இது சிறுநீரிலும் பாலிலும் வெளியாகிறது. கறவை மாட்டுக்கும் தாய்க்கும் இது பொது. தாய் உண்ட நஞ்சில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பாலில் சேருகிறது. ஆயினும் பச்சிளங்குழந்தையின் எடை குறைவு, கல்லீரலும் முதிரவில்லை. கருவிலிருக்கும்போதே கொடி வழியாகவும் நஞ்சு செல்லுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், கர்ப்ப காலத்தில் இந்த நஞ்சு அதிகம் சேர்ந்த தாய்மாரின் குழந்தைகள் முதல் ஆண்டில் எடையிலும் உயரத்திலும் பின்தங்கியிருந்தது ஆய்வில் தெரிந்தது.

தாய்ப்பாலை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. அதனால் வரும் நன்மை இந்தத் தீங்கைவிடப் பல மடங்கு பெரிது. பெனின், டோகோ நாடுகளில், தாய்ப்பால் குடித்த குழந்தைகளைவிட, அதை மறந்து வீட்டு உணவுக்கு மாறிய குழந்தைகளின் ரத்தத்தில்தான் நஞ்சு அதிகமாக இருந்தது. மாட்டுப்பாலுக்கு மாறுவதும் பயன் தராது. கெட்ட பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் உள்ள நஞ்சு காய்ச்சினாலும் போகாது. திருத்த வேண்டியது தாய்ப்பாலை அல்ல, களத்தையும் கிடங்கையும்தான்.

செய்ய வேண்டியவை

1. பறித்த காய்களை ஈரத்தோடு குவித்து வைக்கக் கூடாது. வெறும் மண்ணில் போடாமல், பாய் அல்லது சிமெண்டுக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். மாலையில் பனி படாமல் மூட வேண்டும்.

2. பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நன்கு காய்ந்த காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும்.

3. மண்வெட்டி பட்ட காய், பூச்சி துளைத்த காய், முற்றாத காய் ஆகியவற்றைத் தனியே பிரிக்க வேண்டும்.

4. கோணிப்பையில் கட்டி, மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.

5. காய் உடைக்கத் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

6. சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். செக்கில் ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். ஆகவே மாட்டுக்கும் கோழிக்கும்கூட அது ஆகாது.

இவை கைகண்ட முறைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் 20 கிராமங்களை எடுத்துக்கொண்டு, 10 கிராமங்களில் மட்டும் பொறுக்குதல், பாயில் உலர்த்துதல், சணல் பையில் கட்டி மரச்சட்டத்தில் அடுக்குதல் ஆகியவற்றைக் கடைப்பிடித்தார்கள். 5 மாதம் கழித்து, அக்கிராம மக்களின் ரத்தத்தில் நஞ்சின் அளவு மற்ற கிராமத்தாரின் அளவில் பாதிக்கும் குறைவாக இருந்தது. 2005-ல் இம்முடிவு வெளியாயிற்று.

வீட்டிலும் கவனம் தேவை

நல்ல பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கழித்ததைச் சட்னிக்கும் குழம்புக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதும் அழியாது. நல்ல நிலக்கடலை கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சத்துள்ள உணவு. ஆகவே மூட்டை வண்டி ஏறும் முன், வீட்டுக்கு வேண்டிய அளவை நல்ல பருப்பிலிருந்தே எடுத்து வைப்பது நலம்.