வடகடல் தீவுகளும் மாநக்கவாரமும்

இராசேந்திர சோழன் 1025-இல் கடாரம் வென்றதை எங்கள் சுசீந்திரத்துப் பட்டிமன்றங்களில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு நான்காண்டு முன்னர், 1021-இல், வட ஐரோப்பிய நார்சு மாலுமிகள் அமெரிக்கக் கரையோரம் நியூபவுண்டுலாந்தில் மரம் வெட்டினர். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அறிஞர் இதனை 2021-இல் வெளியிட்டனர்.

அவர்கள் பயணம் வேறு வகையானது. 9-ஆம் நூற்றாண்டில் ஐசுலாந்துக்கும், 985-ஐ ஒட்டிக் கிரீன்லாந்துக்கும் சென்ற கூரையற்ற மரக்கலங்களில் மனைவி மக்களோடு ஆடுமாடுகளும் ஏறின. புல் கண்ட இடத்தில் வீடு கட்டினர். கிரீன்லாந்துக் குடியிருப்பு 15-ஆம் நூற்றாண்டில் மறைந்தது, ஐசுலாந்து நிலைத்தது.

சோழர் மெய்க்கீர்த்தியோ மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை, வென்ற இடங்களின் வரிசையில் வைக்கிறது. அங்கே உழவர் குடியேறியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. மேடைப் பேச்சாளர்கள் இதைக் கவனிப்பதில்லை!

பெரிய நிக்கோபாரில் தமிழ்க் குடும்பங்கள் நிலம் பெற்றது 1969-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் குடியேற்றத்தில்தான். ஐசுலாந்தை இதற்கு ஒப்பிடுதல் பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே சில துறவியரன்றி முன்குடிகள் இல்லை என்பர். இங்கோ சோம்பென், நிக்கோபாரி மக்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். குமரிமுனைக்கும் தெற்கே நீளும் அத்தீவின் கரையூர்களை 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அழித்தபோது, பழங்குடியும் புதுக்குடியும் ஒருங்கே வீடிழந்தனர்.