பூச்சியத்தை அளப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

நோயொழிப்புத் திட்டம் ஒன்றினால் மக்களின் உடல்நலம் உயர்ந்ததா என்பதை எதைக்கொண்டு அளப்பது? கொடுத்த மாத்திரைகளையும் தெளித்த மருந்தையும் கணக்கிட்டால் போதுமா? போதாது. அவை செய்த வேலையின் அளவு. விளைந்த நலத்தின் அளவு அல்ல. இதனை நரம்புச் சிலந்தி நோயின் வரலாறு நன்கு விளக்கும்.

டிராகன்குலஸ் மெடினென்சிஸ் என்னும் உருளைப்புழுவே இந்நோய்க்குக் காரணம். இதன் இளம்புழுக்கள் நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்ற நுண்ணுயிரினுள் வளர்கின்றன. அந்நீரை வடிகட்டாமல் குடித்தவரின் உடலில், ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், பெரும்பாலும் காலில் கொப்புளம் தோன்றிப் புழு வெளிவரும். பெண்புழு ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். எரிச்சல் தாளாமல் காலை நீரில் வைத்தால், இளம்புழுக்கள் மீண்டும் நீரில் கலக்கும். எங்கள் நார்த்தாமலை மேலமலையில் தலையருவிச் சிங்கம் என்னும் சுனை உள்ளது. இத்தகைய வறண்ட பூமியில் தேங்கிய நீரே உயிர்நீர். மனிதர் இறங்கி முகக்கும் குடிநீர் நிலைகளே இப்புழுவுக்கு வழியாகும்.

தடுப்பூசியோ, புழுவைக் கொல்லும் மருந்தோ இந்நோய்க்கு இல்லை. ஆகவே 1983-84இல் தொடங்கிய தேசியத் திட்டம் படிக்கிணறுகளை மாற்றியமைத்தது, கைப்பம்புகளை அமைத்தது, துணியால் நீரை வடிகட்டக் கற்பித்தது, சைக்ளாப்ஸை அழிக்க டெமிபாஸ் இட்டது. 1984இல் தமிழகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் சுமார் 40,000 நோயாளிகள் இருந்தனர். 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார்.

ஆனால் நோயாளி இல்லையா, தேடுபவர் இல்லையா? இரண்டிலும் ஏட்டில் பூச்சியமே எழுதப்படும்! எனவே வீடுவீடாகத் தேடினார்கள். தகவல் தருவோர்க்குப் பரிசு அறிவித்தார்கள். வதந்தியைக்கூட நேரில் சென்று விசாரித்தார்கள். மூன்றாண்டுகளுக்கு மேல் பூச்சியம் நிலைத்த பின்னரே, 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

யானைக்கால் நோயில் அளவை இன்னும் கடினமானது. வீங்கிய கால்களை எண்ணிப் பயனில்லை. பரவுதல் நின்றபின்னும் பழைய வீக்கம் மறையாது. நுண்புழுக்களோ இரவில்தான் இரத்தவோட்டத்தில் மிகுதியாகக் காணப்படும். ஆகவே இரவில் இரத்தம் எடுக்கிறார்கள். மருந்து வழங்கிய ஆண்டுகள் முடிந்ததும், ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். அண்மையில் பிறந்தவர்களிடம் தொற்று இல்லையெனில், பரவுதல் அடங்கியது எனலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கூலி வேலை செய்யும் வீட்டில் ஒருவர் கால் முடங்கினால் அடுப்பு எரியாது. பிள்ளையின் படிப்பும் நிற்கும். நரம்புச் சிலந்தி கண்டவர் பல வாரங்கள் நடக்க இயலாமல் கிடப்பார். இழந்த கூலி நாட்களும் பள்ளி நாட்களும் நோயாளிகளின் எண்ணிக்கையில் தெரிவதில்லை. அவற்றையும் சேர்த்து அளந்தால்தான் திட்டத்தின் முழுப்பயன் புலப்படும்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை சுகாதாரத் துறையில் பணியேற்கலாம். பதிவேட்டில் பூச்சியம் எழுதுமுன், தேடினோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.